ஓர் அரசியின் தர்மம்: துருக்கியின் மலையூர் திவ்ரிகி

துருக்கி என்றதும் நம்மில் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது இஸ்தான்பூல் நகரமே. நீலப் பள்ளிவாசலும், சுலைமானிய்யா பள்ளிவாசலும், பொஸ்பரஸ் நீரிணையும் அந்நாட்டின் அடையாளங்களாகி விட்டன. ஆனால் இஸ்தான்பூலை உஸ்மானியர் கைப்பற்றுவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே, அனதோலியா எனப்படும் அந்நாட்டின் உள்நாட்டு மலைப் பிரதேசத்தில் சின்னஞ்சிறு ஊர் ஒன்றில் எழுந்து நின்ற ஒரு கட்டடத்தைப் பற்றி அறிந்தவர்கள் மிகக் குறைவு. அக்கட்டடத்தின் ஒரு பாதி பள்ளிவாசல். மறு பாதி வைத்தியசாலை. பள்ளிவாசலைக் கட்டியவர் ஒரு சிற்றரசர். வைத்தியசாலையைக் கட்டுவித்தவர் ஒரு பெண்மணி.

அந்த ஊரின் பெயர் திவ்ரிகி. துருக்கியர் அதனை "திவ்ரீயி" என்று மென்மையாக உச்சரிப்பர். 1985 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் துருக்கியிலிருந்து முதன் முதலாக உலக மரபுச் சின்னங்களைத் தெரிவு செய்தபோது, இஸ்தான்பூலின் பழைய நகரப் பகுதிகளுடனும் கப்படோசியாவின் பாறைக் குடியிருப்புகளுடனும் சரிசமமாக இச்சிற்றூரின் பள்ளிவாசலும் வைத்தியசாலையும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அப்படி அங்கு என்னதான் இருக்கின்றது? வாருங்கள், பார்ப்போம்.

மலைகளுக்கு நடுவே

துருக்கியின் மத்திய பகுதியில் சிவாஸ் என்னும் மாகாணம் உண்டு. அம்மாகாணத்தின் தலைநகரிலிருந்து தென்கிழக்காகச் சுமார் 170 கிலோ மீற்றர் தூரம் மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் கடந்து சென்றால் திவ்ரிகியை அடையலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், சால்த்தி என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் இவ்வூர் அமைந்துள்ளது. இச்சிற்றாறு ஓடிச் சென்று யூப்ரடீஸ் நதியின் கிளையாகிய கராசுவுடன் கலக்கின்றது. அரபு மொழியில் புராத் என அழைக்கப்படும் அதே நதிதான் அது.

சுற்றிலும் மரமில்லாத, செம்மையும் சாம்பலும் கலந்த மலைகள். ஆற்றோரத்தில் மாத்திரம் பச்சைப் பசேலெனத் தோட்டங்கள். குளிர் காலத்தில் எங்கும் பனி மூடிக் கிடக்கும். கோடையிலோ பகலில் வெயில் சுட்டெரிக்க, இரவில் மலைக்காற்றுச் சில்லென்று வீசும். ஊருக்கு மேலே செங்குத்தான பாறையொன்றின் மீது பழைய கோட்டையின் இடிபாடுகள். கோட்டைக்குக் கீழே மலைச் சரிவில் அந்தப் புகழ் பெற்ற கட்டடம். அதற்கும் கீழே கடைத்தெருவும் வீடுகளும். இவ்வளவுதான் திவ்ரிகி. ஊரின் சனத்தொகை பத்தாயிரம் பேரளவில்தான் இருக்கும்.

பல கைகள் மாறிய ஊர்

இவ்வூரின் வரலாறு நீண்டது. கி.பி. 9 ஆம் நூற்றாண்டில் இதன் பெயர் தெப்ரிக்கே. அக்காலத்தில் பைசாந்திய சாம்ராஜ்யத்தில் பவுலிசியர் என்றொரு கிறிஸ்தவப் பிரிவினர் இருந்தனர். சாம்ராஜ்யத்தின் திருச்சபை அவர்களை ஏற்றுக் கொள்ளாமல் கடுமையாகத் துன்புறுத்தியது. தப்பியோடிய அவர்களுக்குப் புகலிடம் அளித்தவர் அந்நாளில் மலாத்தியாவை ஆண்ட முஸ்லிம் அமீர் ஆவார். அவரது ஆதரவுடன் அவர்கள் அமைத்துக் கொண்ட அரண்தான் தெப்ரிக்கே. 870 களில் பைசாந்தியப் படைகள் அதனைக் கைப்பற்றின.

1071 ஆம் ஆண்டு நடைபெற்ற மலாஸ்கிர்த் யுத்தம் அனதோலியாவின் தலைவிதியையே மாற்றியது. செல்ஜூக் சுல்தான் அல்ப் அர்ஸ்லானிடம் பைசாந்தியப் பேரரசர் தோல்வியுற்ற பின்னர், துருக்கியத் தளபதிகள் பலர் அனதோலியாவுக்குள் புகுந்து ஆங்காங்கே சிற்றரசுகளை நிறுவினர். அவர்களுள் ஒருவர் மெங்குஜக் காஸி. எர்ஸின்ஜான், கெமாஹ், திவ்ரிகி ஆகிய இடங்கள் அவர் வழிவந்தோரின் வசமாயின. 12 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை எர்ஸின்ஜானிலும் மற்றது திவ்ரிகியிலும் ஆட்சி செய்தன.

இவர்கள் பேரரசர்கள் அல்லர். இவர்களை விடப் பலம் பொருந்திய செல்ஜூக் சுல்தான்களின் தயவில் வாழ்ந்த சிற்றரசர்களே. ஆயினும் கல்வியையும் கலையையும் போற்றுவதில் அவர்கள் பின்நிற்கவில்லை. எர்ஸின்ஜானை நெடுங்காலம் ஆண்ட பக்ருத்தீன் பஹ்ராம் ஷாவின் பெயருக்கே பாரசீக மகாகவி நிஸாமி தமது முதற் காவியமாகிய "மக்ஸனுல் அஸ்ரார்" என்னும் நூலைக் காணிக்கையாக்கினார் என்றால் அவர்களது மதிப்பை நாம் உணர்ந்து கொள்ளலாம். அந்த பஹ்ராம் ஷாவின் மகள்தான் நமது கட்டுரையின் நாயகியாகிய துரான் மலிக்.

இரண்டு வாசல், ஒரே கூரை

திவ்ரிகியை ஆண்ட அஹ்மத் ஷா, ஹிஜ்ரி 626 இல், அதாவது கி.பி. 1228 - 1229 இல், கோட்டையின் அடிவாரத்தில் பெரிய பள்ளிவாசலைக் கட்டுவித்தார். அதே காலத்தில், அதே சுவரோடு சுவராக ஒட்டி, துரான் மலிக் ஒரு தாருஷ்ஷிஃபாவை எழுப்பினார். தாருஷ்ஷிஃபா என்றால் "சுகமளிக்கும் இல்லம்", அதாவது வைத்தியசாலை. துரான் மலிக் அஹ்மத் ஷாவின் மனைவி என்றே பொதுவாகச் சொல்லப்படுகின்றது. ஆனால் கல்வெட்டில் அவர் தம்மை அறிமுகப்படுத்துவது பஹ்ராம் ஷாவின் மகளாகத்தான். அல்லாஹ்வின் திருப்பொருத்தத்தை நாடியே இந்த இல்லத்தைக் கட்டுமாறு பணித்ததாக அவரது பெயரிலேயே அங்கு பொறிக்கப்பட்டுள்ளது. பள்ளிவாசலின் வாசலில் அஹ்மத் ஷாவின் பெயர், வைத்தியசாலையின் வாசலில் துரான் மலிக்கின் பெயர். ஒருவரின் நிழலில் மற்றவர் மறைந்து விடவில்லை.

இவ்விடத்தில் ஒரு விடயத்தை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும். துரான் மலிக்கின் தந்தை பஹ்ராம் ஷா 1225 அளவில் காலமானார். மூன்றாண்டுகள் சென்று 1228 இல் செல்ஜூக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் எர்ஸின்ஜானைத் தமது இராச்சியத்துடன் இணைத்துக் கொண்டார். பிறந்த வீட்டின் ஆட்சி கைநழுவிய அதே காலத்தில்தான் இப்பெண்மணி நோயாளிகளுக்காகக் கல்லின் மேல் கல் அடுக்கிக் கொண்டிருந்தார். தந்தையின் அரசு போய்விட்டது. ஆனால் மகளின் வைத்தியசாலை வாசலில் தந்தையின் பெயர் எட்டு நூற்றாண்டுகளாக நிலைத்து நிற்கின்றது.

திவ்ரிகியின் ஆட்சியும் பாதுகாப்பானதாக இருக்கவில்லை. பள்ளிவாசலின் கல்வெட்டில் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத்தின் பெயரும் மரியாதையுடன் குறிப்பிடப்பட்டுள்ளது. மேற்கு வாசலில் இரட்டைத் தலைக் கழுகொன்றும், அதன் அருகே தலை தாழ்த்திய வல்லூறு ஒன்றும் செதுக்கப்பட்டுள்ளன. கழுகு சுல்தானையும், வல்லூறு அவருக்குப் பணிந்த அஹ்மத் ஷாவையும் குறிக்கும் என்று விளக்கம் கூறுவர். 1243 இல் மங்கோலியர் செல்ஜூக்குகளைத் தோற்கடித்தபோது அந்தப் பெரிய கழுகும் சிறகொடிந்து போனது.

கல்லில் பூத்த தோட்டம்

இக்கட்டடத்தைப் படத்தில் பார்ப்பவர்கள் முதலில் ஏமாற்றம் அடையக் கூடும். வெளிச் சுவர்கள் வெறுமையானவை. உயர்ந்த குவிமாடங்கள் இல்லை. ஏறக்குறைய 64 மீற்றர் நீளமும் 32 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு கற்பெட்டி போலவே தோன்றும். ஆனால் வாசல்களை நெருங்கும்போதுதான் அதன் உண்மையான அழகு தெரியும். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாத நான்கு வாசல்கள்!

வடக்கு வாசல் எல்லாவற்றிலும் பெரியது. ஏறத்தாழ 14 மீற்றர் உயரமானது. இலைகளும் மொட்டுகளும் கொடிகளும் சுவரில் ஒட்டிக் கொண்டிருப்பதாகத் தோன்றாது. சுவரை விட்டு வெளியே எட்டிப் பார்ப்பது போல் அவ்வளவு ஆழமாகக் குடைந்து செதுக்கப்பட்டுள்ளன. சுவர்க்கத்துச் சோலையை நினைவூட்டுவதால் இதனைச் "சுவர்க்க வாசல்" என்றும் அழைக்கின்றனர்.

மேற்கு வாசல் இதற்கு நேர்மாறானது. இங்கே எல்லாம் மெல்லிய, நுணுக்கமான வேலைப்பாடு. தையல் வேலையும் பின்னல் வேலையும் தெரிந்த எந்தப் பெண்ணும் இதன் முன்னால் ஒரு கணம் நின்று விடுவாள். கல்லில் செய்ததா, துணியில் பூப்போட்டதா என்று மயங்க வைக்கும். இதனால் இதற்குத் "துணி வாசல்" என்றே பெயர் வந்து விட்டது. கிழக்கு வாசல் சிறியது. அரசர் தொழுகைக்கு வருவதற்கென அமைந்தது. நான்காவது வைத்தியசாலையின் வாசல். ஒன்றுக்குள் ஒன்றாக உள்வாங்கிச் செல்லும் பிரமாண்டமான வளைவுகளுடன் அது நோயாளியை வரவேற்கின்றது.

இவ்வளவையும் திட்டமிட்டுச் செய்த சிற்பாசாரியின் பெயரும் நமக்குத் தெரியும். அவர் அஹ்லாத் நகரைச் சேர்ந்த குர்ரம் ஷா. வான் ஏரிக் கரையில் உள்ள அஹ்லாத், கல் வேலைக்குப் பேர் போன ஊர். அங்குள்ள செல்ஜூக் காலத்து மையவாடியின் உயரமான நடுகற்களை இன்றும் மக்கள் சென்று பார்க்கின்றனர். பள்ளிவாசலின் மரத்தாலான மிம்பரைச் செய்தவர் காக்கேசிய நாட்டின் திப்லிஸ் நகரைச் சேர்ந்த அஹ்மத் என்பவர். கட்டடம் எழுந்து ஒரு தசாப்தத்துக்குப் பின்னர், 1241 அளவில் அது நிறைவு பெற்றது. நட்சத்திர வடிவங்களை ஒன்றோடொன்று பொருத்தி அமைக்கப்பட்ட அந்த மிம்பர் அனதோலிய மர வேலைப்பாட்டின் சிகரங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுகின்றது. எங்கெங்கோ இருந்து வந்த கைவினைஞர்கள் ஒரு சிற்றூரில் ஒன்று கூடி உழைத்திருக்கின்றார்கள்.

பள்ளிவாசலின் உட்புறத்தில் பதினாறு தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. அவை தொழுமிடத்தை இருபத்தைந்து சதுரங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு சதுரத்துக்கும் மேலே கற்கூரை வெவ்வேறு விதமாக வளைந்தும் நட்சத்திரமாய் விரிந்தும் செல்லும். அண்ணாந்து பார்த்துக் கொண்டே நடந்தால் கழுத்து வலிப்பதுதான் மிச்சம்! மிஹ்ராபோ வெளி வாசல்களின் வேலைப்பாட்டுக்கு ஈடு கொடுக்கும் வகையில் பெரிய பெரிய இலை வடிவங்களுடன் கம்பீரமாக நிற்கின்றது. 17 ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த புகழ் பெற்ற உஸ்மானிய யாத்திரிகர் எவ்லியா செலபியும் இதனை வானளாவப் புகழ்ந்துள்ளார்.

மேற்கு வாசல் பற்றி ஊரார் ஆர்வத்தோடு சொல்லும் கதையொன்றும் உண்டு. கோடை மாதங்களில், அஸர் தொழுகைக்குச் சற்று முன்னதாக, வாசலின் சிற்பங்களில் படும் வெயில் தொழுகையில் நிற்கும் ஒரு மனிதரின் நிழலைப் போல விழுகின்றது. சிற்பி கணக்கிட்டே இதனைச் செய்தார் என்பர் ஊர் மக்கள். தற்செயலாக அமைந்தது என்போரும் உள்ளனர். எப்படியிருந்தாலும் அந்த நேரத்தில் வாசலுக்கு எதிரே கூட்டம் கூடி விடுவது வழக்கம்.

தண்ணீர் ஓசை கேட்ட நோயாளிகள்

வைத்தியசாலைக்குள் நுழைந்தால் மனதில் தானாகவே ஓர் அமைதி ஏற்படும். நடுவில் கூரையிட்ட மண்டபம். கூரையின் உச்சியில் வெளிச்சத்துக்கான திறப்பு. அதன் நேர் கீழே தரையில் ஒரு நீர்த் தொட்டி. சுற்றிலும் வளைவுக் கூடங்களும் அறைகளும். ஒரு பகுதியில் மேல் மாடியும் உண்டு. தொட்டியின் நீர் சுருள் வடிவமான கால்வாய் வழியே சுழன்று செல்லும்போது எழும் மெல்லிய ஓசை, மன நோயாளிகளுக்கு ஆறுதல் அளிப்பதற்காகவே அமைக்கப்பட்டது என்று சொல்லப்படுகின்றது.

இது வெறும் கற்பனை என ஒதுக்கி விடத்தக்கதல்ல. 1488 இல் எதிர்னே நகரில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் இரண்டாம் பாயஸீதின் வைத்தியசாலையில் நீரோசையும் இசையும் நறுமணமும் மன நோயாளிகளின் சிகிச்சைக்குப் பயன்பட்டதை எவ்லியா செலபி எழுதி வைத்துள்ளார். மன நோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பதும், அடித்துத் துன்புறுத்துவதும் உலகின் பல பாகங்களில் சாதாரணமாக இருந்த காலம் அது. மனம் நொந்தவருக்கும் மருந்து உண்டு, மரியாதையும் உண்டு என்று எண்ணிய ஒரு மரபு இங்கே வளர்ந்திருந்தது. இன்றுகூட நமது குடும்பங்களில் உடம்புக்கு ஒன்றென்றால் உடனே வைத்தியரிடம் ஓடுகின்றோம். மனதுக்கு ஒன்றென்றால் ஊருக்குத் தெரியாமல் மூடி மறைக்கவே முயல்கின்றோம். எண்ணூறு வருடங்களுக்கு முந்திய இந்த இல்லத்தின் முன்னால் நாம் கொஞ்சம் வெட்கப்படத்தான் வேண்டும்.

வைத்தியசாலையின் ஒரு மூலையில் அடக்கத்தலம் ஒன்றும் உண்டு. அஹ்மத் ஷாவும் துரான் மலிக்கும் இங்கேயே அடங்கியிருப்பதாகக் கருதப்படுகின்றது. நோயாளிகளுக்காகத் தாம் கட்டிய வீட்டிலேயே, அவர்களுக்கு அயலவராக அந்த அரசி துயில்கின்றார். பிற்காலத்தில் உஸ்மானியர் ஆட்சியில் இக்கட்டடம் மத்ரஸாவாகவும் பயன்பட்டது.

துரான் மலிக் மட்டும்தானா?

இல்லை. துருக்கியின் வரலாற்றில் வைத்தியசாலை கட்டிய பெண்களின் வரிசை நீண்டது. கைஸெரி நகரில் 1206 அளவில் எழுந்த வைத்தியசாலையின் கல்வெட்டு, செல்ஜூக் இளவரசி கெவ்ஹெர் நஸீபாவின் மரண சாசனப்படி அது கட்டப்பட்டதாகக் கூறுகின்றது. தங்கையின் இறுதி விருப்பத்தை நிறைவேற்றியவர் அவரது சகோதரரான சுல்தான் கைகுஸ்ரவ். அதனோடு ஒரு மருத்துவ மத்ரஸாவும் இணைந்திருந்தது.

உஸ்மானியர் காலத்தில் சுல்தான் சுலைமானின் தாயார் ஹஃப்ஸா சுல்தான் மனிஸா நகரில் அமைத்த தர்ம ஸ்தாபனங்களோடு 1539 இல் ஒரு வைத்தியசாலையும் சேர்ந்தது. அங்கு பல வகை வாசனைச் சரக்குகளைக் கொண்டு தயாரிக்கப்பட்ட மெசிர் என்னும் இனிப்பு லேகியம் இன்றும் ஆண்டு தோறும் பெருவிழாவில் மக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றது. சுலைமானின் துணைவி ஹுர்ரம் சுல்தான் இஸ்தான்பூலில் கட்டிய ஹஸெகி வைத்தியசாலையின் பெயரை அந்நகரின் அரசாங்க வைத்தியசாலையொன்று இன்றும் தாங்கி நிற்கின்றது. 1840 களில் சுல்தான் அப்துல் மஜீதின் தாயார் பெஸ்மி ஆலம், ஏழை எளியவர்களுக்கும் அநாதரவானவர்களுக்குமாக நிறுவிய வைத்தியசாலை இன்று அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகமாக வளர்ந்துள்ளது.

இவற்றையெல்லாம் தாங்கி நிறுத்தியது வக்பு முறையாகும். கட்டடத்தை மட்டும் கட்டிவிட்டுப் போய்விடுவதில்லை. வயல், தோட்டம், கடை, ஆலை என வருமானம் தரும் சொத்துக்களையும் அதற்கென எழுதி வைப்பார்கள். வைத்தியரின் சம்பளமும் மருந்தின் செலவும் நோயாளியின் உணவும் அந்த வருமானத்திலிருந்தே நடைபெறும். பெண்ணுக்கு அவளது சொத்தின் மீது முழு உரிமையை இஸ்லாம் வழங்கியிருந்ததனால்தான், தமது மஹரையும் வாரிசுச் சொத்தையும் கொண்டு பெண்களால் இத்தகைய காரியங்களைத் தமது பெயரிலேயே செய்ய முடிந்தது. மதீனாவில் காயமுற்றோருக்குக் கூடாரம் அமைத்துச் சிகிச்சை அளித்த ருபைதா (ரழி) அவர்களின் வழி அல்லவா இது!

பெண்களின் கைவண்ணம்

திவ்ரிகிப் பள்ளிவாசல் இன்னொரு வகையிலும் பெண்களின் உழைப்பைக் காத்துத் தந்துள்ளது. அனதோலியாவில் வீடுகளில் நெய்த கம்பளங்களைப் பள்ளிவாசலுக்கு அன்பளிப்புச் செய்வது வழக்கம். கம்பளம் நெய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பழைய கம்பளத்தின் மேல் புதியது, அதன் மேல் இன்னொன்று என நூற்றாண்டுக் கணக்கில் அவை தரையில் அடுக்கடுக்காகச் சேர்ந்து விடும். திவ்ரிகிப் பள்ளிவாசலில் இவ்வாறு தப்பிப் பிழைத்த பல அரிய கம்பளங்களும் கிலிம் எனப்படும் விரிப்புகளும் இஸ்தான்பூலிலுள்ள வக்பு அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. நெய்தவளின் பெயர் எதிலும் இல்லை. ஆனால் அவள் தெரிவு செய்த சிவப்பும் நீலமும் இன்னும் மங்கவில்லை.

ஊரில் வேறு என்ன பார்க்கலாம்?

கோட்டைக்குள் இருக்கும் சிறிய பள்ளிவாசல் 1180 - 1181 இல் கட்டப்பட்டது. பெரிய பள்ளிவாசலை விட அது அரை நூற்றாண்டு மூத்தது. அனதோலியாவில் காலம் குறிக்கப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று. அதன் சிற்பி ஈரானின் மராகா நகரத்தவர். கோட்டையின் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே பள்ளத்தாக்கும் ஆறும் எதிரே மலைகளும் கண்கொள்ளாக் காட்சியாகத் தெரியும். ஊருக்குள் 1196 ஆம் ஆண்டைச் சேர்ந்த எண்கோண வடிவிலான அடக்கத்தலம் ஒன்று இருக்கின்றது. அஹ்மத் ஷாவின் பாட்டனாரான ஷாஹன்ஷாவுக்காகக் கட்டப்பட்டதாயினும், மக்கள் அதனை ஒரு பெண்ணின் பெயரால் "சித்தே மலிக்" என்றே அழைக்கின்றனர்.

பழைய வீடுகளும் பார்க்கத்தக்கவை. கல் அத்திவாரத்தின் மேல் மரச் சட்டமும் மண் கல்லும் கொண்டு கட்டப்பட்ட மாடி வீடுகள் அவை. உயர்ந்த மதிலுக்குள் முற்றம், பழத்தோட்டம். வெளியாருக்கு ஒரு பகுதி, குடும்பத்தாருக்கு ஒரு பகுதி எனப் பிரிக்கப்பட்ட அறைகள். அலங்கார வேலைப்பாடு கொண்ட மரக்கூரைகளும் சுவர் அலுமாரிகளும் அந்நாளைய வசதி படைத்த குடும்பங்களின் வாழ்க்கையைக் காட்டுகின்றன. ஆனால் பல வீடுகள் ஆளில்லாமல் பாழடைந்து விட்டன.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் கோபித்துக் கொள்வார்கள்! திவ்ரிகியின் பெருமைக்குரிய உணவு "அலத்லி பிலாவ்". "அலத்" என்றால் அவ்வூர்ப் பேச்சில் வாசனைச் சரக்கு. இறைச்சி, கடலை, உலர்ந்த திராட்சை ஆகியவற்றைச் சேர்த்து மசாலை மணக்கச் சமைக்கும் சோறு இது. கல்யாண வீடுகளிலும் விருந்துகளிலும் இது இல்லாமல் முடியாது. நமது புரியாணிக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம்.

இதே மாகாணத்தைச் சேர்ந்த காங்கல் பிரதேசம் திவ்ரிகிக்கு அயலில் உள்ளது. ஆடுகளை ஓநாய்களிடமிருந்து காக்கும் பெரிய காங்கல் நாய்களின் தாயகம் அதுதான். அங்குள்ள வெந்நீர் ஊற்றொன்றில் சின்னஞ்சிறு மீன்கள் வாழ்கின்றன. சொரியாசிஸ் போன்ற தோல் நோயுள்ளவர்கள் நீரில் இறங்கினால் இம்மீன்கள் வந்து தோலின் செதில்களைக் கொத்தித் தின்னும். இதனால் ஆறுதல் கிடைப்பதாக எண்ணிப் பல நாடுகளிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர்.

இரும்பும் புகையிரதமும்

திவ்ரிகியின் மலைகளில் இரும்புக் கனியம் நிறைந்துள்ளது. 1937 இல் புகையிரதப் பாதை இவ்வூரை எட்டியதைத் தொடர்ந்து சுரங்க வேலைகள் பெரிய அளவில் ஆரம்பமாயின. கருங்கடலுக்கு அண்மையில் கராபூக் என்னுமிடத்தில் 1939 இல் தொடங்கிய துருக்கியின் முதலாவது பெரிய உருக்கு ஆலைக்கு இங்கிருந்தே இரும்புக் கனியம் சென்றது. ஆனாலும் சுரங்கத்தால் எல்லோருக்கும் தொழில் கிடைத்து விடவில்லை. கடந்த அரை நூற்றாண்டில் சுற்றுவட்டக் கிராமத்தவர்கள் பெருந்தொகையாக இஸ்தான்பூலுக்கும் அங்காராவுக்கும் குடிபெயர்ந்தனர். கோடை விடுமுறையில் மாத்திரம் பலர் ஊர் திரும்புகின்றனர். பூட்டிய கதவுகள் அப்போது திறக்கும். அடுப்புகள் புகையும்.

அங்காராவிலிருந்து கிழக்கெல்லையிலுள்ள கார்ஸ் நகருக்குச் செல்லும் "கிழக்கு எக்ஸ்பிரஸ்" புகையிரதம் திவ்ரிகி வழியாகத்தான் ஓடுகின்றது. யூப்ரடீஸ் பள்ளத்தாக்கின் வழியே செல்லும் இப்பாதை துருக்கியின் மிக அழகிய புகையிரதப் பாதைகளுள் ஒன்று. 2019 முதல் உல்லாசப் பயணிகளுக்கென விசேட புகையிரதமும் விடப்பட்டுள்ளது. 2023 இல் அங்காராவுக்கும் சிவாஸுக்கும் இடையே அதிவேகப் புகையிரதம் ஆரம்பமானதால் பயணம் முன்னரை விட இலகுவாகி விட்டது. பனிக்காலத்தைத் தவிர்த்து ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்வது உகந்தது.

கல்லுக்கும் நோய் வரும்

எட்டு நூற்றாண்டுகளாக மழையும் பனியும் தாங்கி நின்ற கட்டடத்துக்கும் முதுமை வந்தது. மலைச்சரிவிலிருந்து கசியும் நீரும், குளிரில் உறைந்து மீண்டும் உருகும் ஈரமும் கற்களை அரித்தன. நுண்ணிய இலைகளும் பூக்களும் மாவாக உதிரத் தொடங்கின. முன்னர் செய்யப்பட்ட சில திருத்தங்களே பின்னர் தீங்காகவும் முடிந்தன. இந்தப் பிரதேசம் பூகம்பத்துக்கும் பேர் போனது. 1939 டிசம்பரில் எர்ஸின்ஜானைத் தரைமட்டமாக்கி முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட பெரும் பூகம்பம் தூரத்தில் நிகழ்ந்ததல்ல. அதையும் தாண்டி இக்கட்டடம் நின்றது. 2015 இல் துருக்கியின் வக்புத் திணைக்களம் ஆரம்பித்த பெரும் புனரமைப்பு வேலை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. கட்டடத்தையே கூரையால் மூடிப் பாதுகாத்து, ஒவ்வொரு கல்லாக வைத்தியம் பார்த்தார்கள். நோயாளிகளுக்காகக் கட்டிய இல்லம் தானே நோயாளியாகிப் பராமரிக்கப்பட்டது! 2024 இல் வாசல்கள் மீண்டும் திறந்தன.

மனிதன் மரணித்த பின்னரும் தொடரும் நன்மைகளுள் ஒன்றாக ஸதகதுல் ஜாரியாவை நபி (ஸல்) அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். துரான் மலிக் எப்படி இருந்தார், என்ன பேசினார், அவரது சுகதுக்கங்கள் என்ன என்பவற்றை எந்த நூலும் நமக்குச் சொல்லவில்லை. அவரது நகைகள் எங்கே போயின என்பதும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவர் நோயாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடு ஒன்றைத்தான். நமது கைகளில் ஓர் அரசியின் செல்வம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊர் வைத்தியசாலைக்கு ஒரு கட்டில், ஏழை நோயாளிக்கு ஒரு மாத மருந்து, மனமுடைந்த அயலவளுக்குப் பக்கத்தில் அமர்ந்து காது கொடுக்க ஒரு மணித்தியாலம் என்பன நம்மில் எவருக்கும் எட்டாதவை அல்ல.